குழாய் போடும்போது குறுக்கே ஒரு குரல்

ஐசியுவில் கிடக்கும் நோயாளியின் கழுத்தருகே, இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். சென்ட்ரல் லைன் என்று பெயர். மருந்து ஏற்ற வசதியான வழி. கிருமி ஏறவும் அதுவே வழி.

அமெரிக்காவில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டராக இருந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட், இப்படிக் கிருமி ஏறுவதைத் தடுக்கப் புது மருந்து எதையும் தேடவில்லை. கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, முகக்கவசம், கவுன், கையுறை போட்டு நோயாளியை முழுக்கப் போர்த்துவது என எல்லா டாக்டருக்கும் தெரிந்த சங்கதிகளையே ஒரு தாளில் செக்லிஸ்ட்டாக எழுதினார். தெரிந்ததைச் செய்கிறார்களா? பக்கத்தில் நிற்கிறவர்களைத்தானே கேட்க வேண்டும். ஒரு மாதம் பார்த்துக் குறிக்கும்படி நர்ஸ்களிடம் தாளைக் கொடுத்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதோ ஒரு படி விட்டுப்போயிருந்தது.

எல்லாமே அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. தொப்பி ஓரிடம், கவுன் வேறிடம் என்று ஒரு லைன் போட எட்டு இடங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கிக் கட்டிலருகே கொண்டுவந்தார்கள். (இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வண்டிதான்.)

பிறகுதான் சிக்கலான காரியம். படி தவறினால் நர்ஸ் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம் என்றார் ப்ரோனோவோஸ்ட். நாலு பேர் முன்னால் ஒரு நர்ஸ் கேள்வி கேட்பதா என்று டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். நர்ஸ்களுக்கும் சந்தோஷமில்லை. டாக்டரைக் காவல் காப்பது எங்கள் வேலையா, அப்புறம் திட்டு வாங்குவது யார்? நியாயமான பயம்தான். யாராவது மல்லுக்கு நின்றால் எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்று அவர் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்நாள். 1998 தொடக்கத்தில் ப்ரோனோவோஸ்ட்டின் ஐசியுவில் 1,000 குழாய்நாட்களுக்கு 11.3 தொற்றுகள். 2002 கடைசிக் காலாண்டில் பூஜ்யம். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுச் சொச்சம் ஐசியுக்களிலும் இம்முறை பரவி, தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஊரெல்லாம் செக்லிஸ்ட்டைப் புகழ்ந்தது. தாளை நகலெடுப்பது சுலபம்; நர்ஸின் 'நிறுத்துங்க'வை நகலெடுக்க எந்த மெஷினும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளுக்கு அறுவை சிகிச்சைச் செக்லிஸ்ட் வந்தது. உயிரிழப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றது 2014-ல் வந்த ஆய்வு. அங்கே தாளில் டிக் போட்டவர்களில் எத்தனை பேருக்கு டாக்டரின் கையைத் தடுக்கும் உரிமை இருந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.