மோப்பக்காரர்கள் – 6: காரடியில் ஒரு பொட்டலம்

போன வாரம் நாம் பார்த்த போலீஸ் நாய்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவை. இந்த வார நாயகனுக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. பெயர் பிக்கிள்ஸ். கறுப்பும் வெள்ளையுமான கலப்பின நாய். தெற்கு லண்டனில் டேவிட் கார்பெட் என்பவர் வீட்டுச் செல்லப்பிள்ளை.

1966-ல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இங்கிலாந்தில் நடக்க இருந்தது. ஜெயிக்கிற அணிக்குத் தரவேண்டிய கோப்பையை வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. காவலுக்கு ஆட்கள் இருந்தும் கோப்பை காணாமல் போனது. அங்கிருந்த தபால்தலைகளின் மதிப்பு கோப்பையைவிடப் பல மடங்கு. திருடன் அவற்றைத் தொடவே இல்லை!

ஸ்காட்லாந்து யார்டு தேடியது. பணம் கேட்டு மிரட்டல் கடிதம் வந்தது. பணம் வாங்க வந்த ஆளைப் பிடித்தும்விட்டார்கள். கோப்பை மட்டும் கிடைக்கவில்லை.

மார்ச் 27, மாலை. போன் பேசுவதற்காக கார்பெட் வெளியே கிளம்பினார். பிக்கிள்ஸும் கூடவே ஓடினான். வாசலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக் காரின் சக்கரத்தருகே நின்றுவிட்டான். மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. என்னதான் அங்கே என்று கார்பெட் குனிந்தார். செய்தித்தாளில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். பார்க்கச் சின்னது, கையில் எடுத்தால் நல்ல கனம். வெடிகுண்டாக இருக்குமோ என்று பயந்து கீழே வைத்தார். மனசு கேட்கவில்லை, மறுபடி எடுத்தார். அடிப்பக்கத்தில் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்ததும் எழுத்துகள் தெரிந்தன: பிரேசில், மேற்கு ஜெர்மனி, உருகுவே. கோப்பையை முன்பு ஜெயித்த நாடுகள்!

கோப்பையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவரையே முதலில் சந்தேகப்பட்டார்கள். விசாரித்த பிறகுதான் அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தது.

பிக்கிள்ஸுக்குக் கோப்பை என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நாயின் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் நம்மைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தினமும் போய்வருகிற வாசலில் நேற்றுவரை இல்லாத ஒரு வாசனை அவனை இழுத்திருக்க வேண்டும். அதை அவன் விடவில்லை. துப்பறிகிறவருக்கு முதலில் வேண்டியது இந்தக் குணம்தான் என்பேன். பூதக்கண்ணாடியும் தொப்பியும் அப்புறம்.

ஜூலை 30-ம் தேதி இறுதிப் போட்டியில் இங்கிலாந்து 4-2 என்று மேற்கு ஜெர்மனியை ஜெயித்தது. கேப்டன் பாபி மூர் கையில் அதே கோப்பை. பிக்கிள்ஸுக்குப் பதக்கம் கிடைத்தது, ஒரு சினிமாவில் நடிக்கவும் கூப்பிட்டார்கள். வெற்றி விருந்துக்கும் அவனுக்கு அழைப்பு வந்தது. விருந்து முடிந்ததும் தட்டுகளில் மிச்சமிருந்ததை எல்லாம் அவன் நக்கித் தீர்த்தான். அன்றைக்கு யாரும் அவனை அதட்டவில்லை.