பட்டாசுச் சாலைகளும் கிராமப் பஞ்சாயத்தும்

சிவகாசி வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே ஒரு பேச்சு நெடுநாளாக வழங்கி வருகிறது. பட்டாசுச் சாலைக்கு லைசென்சு கொடுப்பவர் வேறு, சோதனை செய்பவர் வேறு. தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் கவனிப்பதே நமது வேலை என்பது அப்பேச்சு. இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

விருதுநகர் ஜில்லா, மழை பொய்த்தால் பருத்தியும் சோளமும் கம்பும் சேர்ந்து பொய்க்கும் கரிசல் பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. விவசாயிக்குப் பகையாக நின்ற வறண்ட காற்று, தீக்குச்சியும் வெடியும் உலர்த்துகிறவருக்கு உறவாயிற்று. இன்று இந்த ஜில்லாவில் 11 பஞ்சாயத்து யூனியன்களும் 450 கிராமப் பஞ்சாயத்துகளும் உள்ளன. வெடிமருந்துச் சாலைகள் குடியிருப்புகளை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவை நகரத்தில் இல்லை, கிராமங்களின் புஞ்சைக் காடுகளில் இருக்கின்றன. வரப்புக்கு இந்தப் பக்கம் மக்காச்சோளம், அந்தப் பக்கம் கம்பி வேலியும் மருந்து அறைகளும் என்பது சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பகுதிகளில் சாதாரணக் காட்சி. பத்திரிகைகளில் 'சிவகாசி விபத்து' என்று பெயர் பெறும் நிகழ்ச்சிகள் நடந்த இடங்களைப் பாருங்கள்: 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம், 2024-ல் செங்கமலப்பட்டி, 2025-ல் சின்னக்காமன்பட்டி. எல்லாம் கிராமங்களே.

முதலில் அதிகாரத்தின் எல்லையை அறிந்து கொள்வோம். வெடிபொருள் பற்றிய மூலச் சட்டம் 1884-ஆம் ஆண்டினது. இப்போது நடைமுறையில் உள்ள விதிகள் 2008-ல் வந்தவை. 15 கிலோ அளவு வரை பட்டாசு தயாரிக்க ஜில்லா நிர்வாகமும், அதற்கு மேற்பட்டால் மத்திய வெடிபொருள் துறையும் லைசென்சு வழங்குகின்றன. தொழிலாளர் பாதுகாப்பை மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் கவனிக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு சாலைக்குள் நுழைந்து அறைகளை எண்ணவோ, கதவைப் பூட்டி முத்திரை வைக்கவோ சட்டம் இடம் தரவில்லை. அப்படிச் செய்வது வீண் வழக்குக்கே வழி.

ஆனால் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பஞ்சாயத்தின் கையில் வைத்த காரியங்கள் எவை? கிராமச் சாலைகள், சிறு பாலங்கள், விளக்கு, வடிகால், குடிநீர், சுடுகாடு ஆகியவை கட்டாயக் கடமைகள். எல்லைக்குள் எழும் கட்டடத்துக்கு அனுமதியும், கட்டட வரியும் தொழில் வரியும் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. இவற்றோடு கிராம சபை இருக்கிறது. இவை பட்டாசோடு சம்பந்தமில்லாதவை போலத் தோன்றலாம். விபத்து நேர்ந்த நாளில் தோன்றாது.

முதலிப்பட்டியின் அனுபவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நண்பகல் வேளையில் அங்கே ஒரு சாலையில் தீப்பற்றியது. சற்றேறக்குறைய 40 பேர் மாண்டனர். மாண்டவரில் பலர் அந்தச் சாலையின் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு சுற்றுக் கிராமங்களிலிருந்து உதவிக்கு ஓடி வந்தவர்களும், என்னவென்று பார்க்க வந்து நின்றவர்களும் ஆவர். முதல் தீக்குப் பிறகு அடுத்தடுத்த அறைகளில் இருந்த சரக்கு வெடித்தபோது அவர்கள் சிக்கினர். ஓடிப்போய்த் தூக்குவது நம் கிராமத்தாரின் பிறவிக் குணம். கிணற்றில் விழுந்தவனுக்கும் வைக்கோற்போர்த் தீக்கும் அது சரி. பட்டாசுச் சாலையில் அந்தக் குணமே எமனாகிறது. ஏனெனில் முதலில் கேட்கும் வெடிச்சத்தம் ஓர் அறையினுடையது. மற்ற அறைகளில் மருந்து இன்னும் இருக்கிறது. அவை எப்போது வெடிக்கும் என்பதை வெளியில் நிற்பவர் அறிய இயலாது.

இந்த உண்மையை ஊருக்குச் சொல்லும் வேலை எந்த இலாகாவையும் விடப் பஞ்சாயத்துக்கே பொருந்தும். புகை கண்டால் 101-க்கோ 112-க்கோ தகவல் சொல்லுங்கள், 108 வண்டிக்கு வழி விடுங்கள், சாலையின் வேலிக்கு அருகில் செல்லாதீர்கள் என்று பஞ்சாயத்தின் ஒலிபெருக்கி அந்த நிமிஷமே அறிவிக்க வேண்டும். அதற்கு ஒலிபெருக்கி பழுதின்றி இருக்க வேண்டும். அதன் சாவி யாரிடம் என்பது ஊரில் நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பிரதான சாலையிலிருந்து காட்டுக்குள் பிரியும் பாதையில் ஒருவர் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அந்தத் திசையில் விடாமல் ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை இதை ஒத்திகை பார்த்துவிட்டால் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பாதை விஷயத்தில் இன்னும் ஒரு சொல். பல சாலைகளுக்குப் போகும் வழி, ஆதியில் மாட்டு வண்டிக்காக விட்ட வண்டிப்பாதை. இருபுறமும் சீமைக் கருவேலம் நெருங்கி, ஒரு லாரி நின்றால் மற்றொன்று நுழைய முடியாத நிலை. தீயணைப்பு வண்டி அங்கே பத்து நிமிஷம் தாமதித்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன? முள் வெட்டுவதும் பாலத்தை அகலப்படுத்துவதும் முழுக்க முழுக்கப் பஞ்சாயத்துக் காரியம். இதே பாதையில்தான் விவசாயியின் டிராக்டரும் போகிறது என்பதால், இச்செலவைக் குறித்துக் கிராம சபையில் சண்டை வராது என்று நம்புகிறோம்.

இனிச் சற்றுக் கசப்பான விஷயம். லைசென்சு பெற்ற சாலைகளோடு கதை முடிவதில்லை. கருந்திரி என்பது நூலில் வெடிமருந்துக் குழம்பைப் பூசி உலர்த்துவது. அதை வீட்டுக்குள்ளும் மொட்டை மாடியிலும் கள்ளத்தனமாகச் செய்கிறவர்கள் சில கிராமங்களில் உண்டு. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வேலையும் சில வீடுகளில் நடந்து பிடிபடுகிறது. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, மின்னல் தாங்கி வேண்டும், கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்றெல்லாம் சாலைகளுக்கு விதி வைத்திருக்க, அடுப்பும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதே மருந்தைக் குழைத்தால் என்னவாகும்? அடுத்த வீட்டுக் கூரையும் அதனோடு போகும்.

இது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லார், சொந்தக்காரன் பிழைப்பைக் கெடுப்பதா என்ற தயக்கமே காரணம். பிழைப்பு என்னும் சொல்லை நாம் எளிதாகத் தள்ளவில்லை. மழையில்லாத வருஷத்தில் திரி உலர்த்திக் கிடைக்கும் கூலியே அரிசி வாங்குகிறது. ஆயினும் யோசித்துப் பார்த்தால், நூலையும் மருந்தையும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்து, முடிந்த திரியை எடுத்துச் செல்பவர் ஒருவர் இருக்கிறார். லாபம் அவருக்கு, போலீசும் தீயும் வீட்டுக்காரருக்கு. ஆகவே கிராம சபை ஏழை வீட்டைக் குறிவைக்காமல், சரக்குக் கொடுப்பவரைக் குறிவைத்துத் தீர்மானம் செய்வதே நியாயம் என்பது நமது கருத்து. முதலில் மகளிர் குழுவினர் அந்த வீடுகளுக்குச் சென்று பேசட்டும். கேளாவிடில் கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் தகவல் போகட்டும்.

லைசென்சு பெற்ற இடங்களிலும் உள்குத்தகை என்னும் நோய் உண்டு. லைசென்சு ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பிரித்துப் பலருக்கு விட்டு, ஒவ்வொருவரும் தத்தம் ஆட்களை வைத்து அவசரமாகச் சரக்குச் செய்வது அது. யாருக்கு யார் பொறுப்பு என்பதே தெரியாமல் போகிறது. எந்தச் சாலையில் புதிது புதிதாக முகங்கள் வருகின்றன, எங்கே இரவிலும் வேலை நடக்கிறது என்பவை ஊராருக்குத் தெரிந்த அளவு அதிகாரிகளுக்குத் தெரியாது. எழுத்து மூலமாகக் கலெக்டருக்குத் தெரிவிக்கக் கிராம சபைக்கு யாதொரு தடையுமில்லை.

கழிவைப் பற்றி விவசாயிகள் முறையிடுகிறார்கள், முறையீடு சரியே. மிஞ்சிய மருந்துக் கலவை ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. அதை ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் கொட்டுவது நீருக்கும் கேடு, ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் கேடு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் யூனியன் பராமரிப்பில் இருப்பவை. அங்கே கொட்டினால் யூனியன் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

குழந்தைத் தொழிலாளர் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் இவ்வட்டாரத்தைப் பற்றியே தீர்ப்பு அளித்தது. அதன்பின் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. பள்ளி வருகைப் பதிவேட்டைப் பஞ்சாயத்து அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது போதும்.

வரியைப் பற்றி அங்கத்தினர்கள் கூச்சப்படுகிறார்கள். வேண்டியதில்லை. குடிசை வீட்டுக்காரர் வீட்டு வரி கட்டுகிறபோது, முப்பது நாற்பது அறைகளுள்ள சாலை தன் கட்டடங்களுக்கு முறைப்படி கட்டுவதே முறை. இதில் வேறொரு நன்மையும் உண்டு. வரிப் பதிவேட்டில் எத்தனை அறைகள் என்று ஏறிவிட்டால், அனுமதித்த வரைபடத்துக்கு மேல் எழுந்த அறை எது என்பது தானே வெளிப்படும்.

இனித் தீர்மானம் செய்யும் வகை. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்களில் கூடுவதென்று 2022-ல் ஏற்பாடாயிற்று. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். சாலை வேலைக்குப் போகிறவர்கள் கூலியை விட்டு வரத் தயங்குவார்கள். மேற்சொன்ன நாட்களில் சில பொது விடுமுறையாக இருப்பது அனுகூலம்.

சோழர் காலத்து உத்தரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்து வேலை செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நமது பஞ்சாயத்துகளும் இந்த ஒரு விஷயத்துக்காக நாலைந்து பேர் கொண்ட குழு அமைத்துக் கொள்ளலாம். ஓய்வு பெற்ற போர்மேன் ஒருவர் அதில் இருந்தால் மிக நல்லது.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனம் வேண்டும். 'விபத்து நேராமல் அரசு தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக் கொள்கிறோம்' என்று எழுதினால், அது யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. 'இன்ன சர்வே எண் வழியாகச் செல்லும் பாதையில் 600 மீட்டர் தூரம் முள் அடைந்து தீயணைப்பு வண்டி நுழைய இயலவில்லை. ஒரு மாதத்தில் அதை அகற்றுவது' என்று எழுதினால் வேலை நடக்கும். 2019 டிசம்பர் தேர்தலில் அமைந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற போதும் கிராம சபையின் உரிமை குறையவில்லை. அது தேர்தலால் பிறந்து தேர்தலோடு கலைவதன்று, வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் சேர்ந்தது. தீர்மானத்தை நோட்டில் எழுதி, வந்தவர்களின் கையெழுத்து வாங்கி, பிரதி ஒன்றை யூனியன் அலுவலகத்துக்கும் மற்றொன்றைக் கலெக்டருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக அந்த ரசீதை எடுத்துப் படியுங்கள்.