இடுப்பு வலிக்கு லேசர்: பணம் கட்டுவதற்கு முன்



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரு புதுச் செய்தி இடம்பெறுகிறது: "இடுப்பு வலிக்கு லேசர் வைக்க வேண்டும், பத்து சிட்டிங், உதவி தேவை." நாற்று நட்டும் களை எடுத்தும் இடுப்பு ஓய்ந்த பெண்கள், தோப்பில் தேங்காய் உரிப்பவர்கள், ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்ட் போய் வருபவர்கள் என மனுக் கொடுப்போர் எல்லாருமே உழைப்பாளிகள். காதுக் கம்மலை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு மீதிக்கு நம்மிடம் வந்த ஒரு சகோதரியும் உண்டு. "வச்சுட்டு வரும்போது சுகமா இருக்கு, ரெண்டு நாள்ல பழையபடிதான்" என்றார். ஆகவே இந்தச் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஊசி வழியாக லேசரைச் செலுத்தி ஜவ்வின் ஒரு பகுதியைச் சுருக்கும் முறை ஒன்று உண்டு. 1986இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய அது மருத்துவமனையில் நடக்கும் தனிச் சிகிச்சை. நாம் இங்கே பேசுவது தோலின் மேல் கருவியை வைத்து ஒளி பாய்ச்சும் சிகிச்சையை மட்டுமே. நம்மூர்ப் பேச்சில் "லைட் வைக்கிறது".

இது பிறந்த கதை விசித்திரமானது. 1967இல் புடாபெஸ்ட் நகர மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், எலிகளின் மயிரை மழித்து மெல்லிய லேசர் ஒளியைக் காட்டினார். புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. புற்று வரவில்லை, ஒளி பட்ட இடத்தில் மயிர் சீக்கிரம் முளைத்தது. அங்கிருந்துதான் புண் ஆறுதல், வலி என்று ஆராய்ச்சி விரிந்தது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஈர்த்துக்கொள்கிறது, அதனால் வீக்கமும் வலியும் தணிகின்றன என்பது விளக்கம். ஆனால் இடுப்பின் தசையும் மூட்டும் ஆழத்தில் இருக்கின்றன. பாய்ச்சும் ஒளியில் பெரும்பகுதி தோலிலும் கொழுப்பிலுமே கரைந்துவிடும். சக்தி அதிகமான கருவிகள் சூட்டையும் தருகின்றன. அந்த இதத்தில் ஒரு பங்கு வெந்நீர்ப் பையிலும் கிடைக்கக்கூடியதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2008இல் காக்ரேன் அமைப்பு 7 ஆய்வுகளை, மொத்தம் 384 நோயாளிகளை, தொகுத்துப் பார்த்தது. சிலவற்றில் கொஞ்ச காலத்துக்குச் சற்று வலி குறைந்திருந்தது. ஆனால் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்த்துச் சொல்ல அது போதவில்லை. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றில் லேசரையும் சேர்த்தது. அதற்கான ஆதாரம் பலவீனமானது என்றும் சேர்த்தே எழுதியது. எனவே இதை மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "விலகிய ஜவ்வை லேசர் உள்ளே தள்ளிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒளிக்கு அந்த வேலை தெரியாது.

ஜவ்வு விஷயத்தில் இன்னொன்று. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஜவ்வு பிதுங்கல் தெரிகிறது என்று 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. தலை நரைப்பது போல அதுவும் வயதின் அடையாளம். ஸ்கேன் காகிதத்தைப் பார்த்து மனம் ஒடிந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, இருந்த வலுவையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய தெளிவும் அதில் பரிந்துரைக்கப்பட்டவை. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், "கரண்ட் வைப்பது" ஆகியவை வழக்கமாகத் தர வேண்டாதவை. பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இதில்தான் நம்மவர்களுக்குப் பொறுமை போதவில்லை. வலி கடுமையான நாட்களில் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குனிய முடிந்த பிறகும் நாற்காலியை விடாமல் இருப்பது இடுப்புக்கும் நல்லதல்ல.

சில அறிகுறிகளுக்கு லேசரும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், உடனே பெரிய மருத்துவமனைதான். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், மறைவிடப் பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்; அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். கர்ப்பிணிகளும் புற்றுநோய் கண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் லேசர் வைக்கக் கூடாது. வைக்கும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

மனுக்களைப் பற்றி நிர்வாகம் எடுத்துள்ள முடிவு இது. ஜக்காத், ஸதகா நிதி அமானிதம் என்பதால் மொத்தமாக முன்பணம் கேட்கும் லேசர் பேக்கேஜுகளுக்கு உதவி இல்லை. மருத்துவர் ஆலோசனை, பிசியோதெரபி, போக்குவரத்துச் செலவுக்கு உதவுவோம். பயிற்சியோடு சேர்த்து லேசரையும் மருத்துவர் எழுதித் தந்தால், முதல் சில சிட்டிங் பார்த்துப் பலன் இருந்தால் தொடரலாம். நடக்க இயலாத முதியவர்கள், 2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனுவோடு மருத்துவச் சீட்டு, ரேஷன் கார்டு நகல் வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே எழுதித் தருகிறோம்.