தானே துளையிடும் திருகாணி

கட்டடமொன்றை நோக்குவார் கண்ணுக்கு முதற்கண் தோன்றுவன சுவரும் தூணும் கூரையுமேயாம். இவற்றைப் பிணித்து நிற்கும் ஆணிகளை நினைப்பார் மிகச் சிலர். அச்சாணியில்லாத தேர் முச்சாணும் ஓடாதென்பது முதுமொழி. உருக்குத் தகடு வேய்ந்த கூரைக்கும் இஃது ஒக்கும். அத்தகைய கூரைகளிற் பெருவழக்குடையதாய தானே துளையிடும் திருகாணியின் இயல்பையும் பயனையும் ஈண்டு ஆராய்வாம்.

உலோகத்திற் செலுத்தும் திருகாணிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகைக்கு முன்னரே இட்ட துளையும், அத்துளையில் வெட்டிய புரியோ மறுபுறத்துச் சுரையோ வேண்டும். இரண்டாம் வகைக்குத் துளைமட்டும் போதும். புரியை அது தானே வெட்டிக்கொள்ளும். மூன்றாம் வகை துளையையும் தானே இட்டு, புரியையும் தானே வெட்டி, தகட்டையும் இறுகப் பிணிக்கும். 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த இம்மூன்றாம் வகையே தானே துளையிடும் திருகாணி எனப்படும். தகட்டின் ஒரு புறத்தில் நின்றே வேலையை முடிக்கலாமாதலின், கூரை வேய்தல், சுவருக்குத் தகடு பொருத்துதல், மெல்லுருக்குச் சட்டங்களை இணைத்தல் முதலியவற்றிற்கு இது மிக ஏற்றது.

இதன் நுனி துறப்பண அலகை ஒத்தது. அதன் இருமருங்கும் உள்ள குழிவுகள் வெட்டுண்ட உலோகத் துகள்களை வெளியே தள்ளும். நுனிக்கு மேலே புரியும், அதற்கு மேலே அறுகோணத் தலையும், கூரைக்குரியவற்றில் தலையின் கீழ் இறப்பர் வளையமும் அமைந்திருக்கும்.

இத்திருகாணியின் வெற்றி தொழில்கள் நிகழும் முறையிலேயே தங்கியுள்ளது. துளையிடல் முற்றுப்பெற்ற பின்னரே புரி உலோகத்தைப் பற்றுதல் வேண்டும். அங்குலத்திற்கு 14 புரியுடைய திருகாணி, புரி பற்றியதும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் முன்னேறும். நுனியோ அவ்வளவு ஆழத்தைத் துளைக்கப் பல சுற்றுகள் வேண்டும். ஆகவே துளை முடியுமுன் புரி பற்றுமாயின், புரி முன்னே இழுக்க, நுனி செல்ல வழியின்றித் தடைப்படும். அப்போது புரி சிதையும். அன்றேல் திருகாணி முறியும். இதனாலேயே நுனியின் நீளம் பிணிக்கப்படும் உருக்கின் மொத்தத் தடிப்பினும் மிகுந்திருத்தல் வேண்டுமென்பர். இரு தகடுகளுக்கிடையே வெளியிருப்பின் அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

நுனிகளுக்கு எண்ணிட்டு வழங்குவதும் இது கருதியே. 5.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகாணியில் 3 ஆம் எண் நுனி ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்பையும், 5 ஆம் எண் நுனி ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தடிப்பையும் துளைக்க வல்லது. தடித்த உருக்கைத் துளைக்கும்போது சுழல்வேகத்தைக் குறைத்தல் வேண்டும். இன்றேல் நுனி வெப்பமேறி வன்மை இழந்து மழுங்கும்.

உருக்கை உருக்கே துளைக்கவேண்டுமாதலின் திருகாணியின் மேற்பரப்பை வெப்பமுறையால் வன்மைப்படுத்துவர். உள்ளீடு முறியாவண்ணம் நெகிழ்வுடையதாக விடப்படும். துருவைத் தடுக்க நாகப்பூச்சு இடுவர். கடற்கரையோரங்களில் இப்பூச்சு நெடுங்காலம் நில்லாது. துருவேறா உருக்கு உப்புக்காற்றைத் தாங்குமெனினும், பெருவழக்கிலுள்ள அதன் வகை உருக்கைத் துளைக்கும் வன்மையற்றது. ஆதலின் உடலைத் துருவேறா உருக்கினாலும் நுனியை வன்மையூட்டிய காபன் உருக்கினாலும் செய்து ஒட்டிணைத்த திருகாணிகளும் உள.

முடுக்குதலிலும் அளவு வேண்டும். இறப்பர் வளையம் சிறிதே அமுங்கி விரியுமளவில் நிறுத்துதல் முறை. குறைவாக முடுக்கின் மழைநீர் கசியும், மிகையாக முடுக்கின் வளையம் பிதுங்கிக் கெடும், புரியும் தேயும்.

இவையாவும் செம்மையாயினும், கூரையின் உறுதி ஆணியின் பிடியில் மாத்திரம் அடங்குவதன்று. பெருங்காற்று கூரைத் தகட்டை மேனோக்கி உறிஞ்சி இழுக்கும், விடும், மீண்டும் இழுக்கும். 1974 ஆம் ஆண்டு திசெம்பர் 25 ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் ட்ரேசி என்னும் சூறாவளி தாக்கியது. காற்றளவு கருவி பழுதுறுமுன் மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைப் பதிந்தது. நகரின் வீடுகளிற் பெரும்பாலன அழிந்தன. வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பி ஈற்றில் முறிவதுபோல, மீண்டும் மீண்டும் இழுபட்ட கூரைத் தகடுகள் ஆணித் தலைகளைச் சுற்றி வெடித்துக் கிழிந்தமை பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று. கழன்ற தகடு காற்றிற் பறந்து அயல்வீடுகளையும் தாக்கியது. அதன்பின், சூறாவளிப் பிரதேசக் கூரைகளை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதோடமையாது, பல்லாயிரமுறை இழுத்துச் சோதிக்கும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. தலையின் கீழ் அகன்ற தகட்டு வளையமிடுதலும், கூரையின் ஓரங்களில் ஆணிகளை நெருக்கமாக இடுதலும் இழுவிசையைப் பரப்பி அக்கேட்டைக் குறைக்கும்.

எனவே தானே துளையிடும் திருகாணி என்னும் பெயர் கொண்டு, அனைத்தையும் அது தானே செய்துவிடுமென எண்ணுதல் தவறாகும். நுனியைத் தேர்தலும், வேகத்தை அடக்குதலும், முடுக்கும் அளவை அறிதலும், எத்துணை ஆணி வேண்டுமெனக் கணித்தலும் மனிதனின் கடமையாம். அக்கடமையில் வழுவாதவிடத்தே சிறு திருகாணி பெருங்கூரையைக் காக்கும்.