பனியும் ஈரமும் முழங்கால் சிகிச்சையும்

உழவருக்கும் நெசவாளருக்கும் உழைப்பின் முதற்கருவி உடலே ஆகும். நிலமும் தறியும் அதன் பின்னரே வருவன. அவ்வுடலில் முழங்கால் ஒன்று பழுதுறின், மலைச்சரிவில் தேயிலை பறிப்பவரும் குழித்தறியில் மிதிபலகை மிதிப்பவரும் ஒருங்கே முடங்கிப் போவர். தேய்ந்த மூட்டினை அறுவையால் மாற்றும் சிகிச்சை இன்று செல்வர்க்கு மட்டும் உரியதன்று. 2012-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகத் தகுதியுடைய எளிய குடும்பத்தாரும் அதனைப் பெற்று வருகின்றனர். அச்சிகிச்சைக்குப் பின்னர் வரும் குளிர்காலத்தை எவ்வாறு கடப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நாம் மருத்துவர் அல்லோம். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் வழியில் கண்டனவற்றையும், மருத்துவர்பால் கேட்டும் நூல்வழிக் கற்றும் அறிந்தனவற்றையும் அங்கத்தினர் முன் வைக்கின்றோம்.

வேலை ஓயும் பருவம்

அறுவைக்கு நாள் குறிக்கும்போது நம்மவர் பஞ்சாங்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. வேலைக் கணக்கையும் பார்க்கின்றனர். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். தேயிலைக் கொழுந்து குறையும். காஞ்சிபுரம், ஆரணி போன்ற நெசவூர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த இயலாது. தறிகள் பல நாட்கள் ஓய்ந்து நிற்கும். வருமானம் எப்படியும் குறைகின்ற அக்காலத்திலேயே சிகிச்சையை முடித்துக்கொள்வோம் எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும் அதன் பயனாக, உடல் தேறவேண்டிய முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள், ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த, மிக ஈரமான வாரங்களாக அமைந்துவிடுகின்றன.

இங்குதான் இடர் தோன்றுகிறது. கோத்தகிரிப் பக்கத்துச் சங்கமொன்றின் மூத்த அங்கத்தினர் ஒருவர் மார்கழியில் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். குளிர் பட்டால் புதிய மூட்டுக் கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்தினர். அவரும் காலைக் கம்பளியால் சுற்றி, முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து, ஏழு வாரம் கட்டிலை விட்டுப் பெரும்பாலும் இறங்காமல் இருந்தார். காயம் நன்றாகவே ஆறியது; மூட்டு மடங்கவில்லை. பிறகு மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதனை மடக்கிவிட வேண்டியதாயிற்று. பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தையில் முடிய வேண்டிய ஓய்வு, சித்திரைக் கொழுந்து பொங்கி வரும் காலத்தையும் விழுங்கிவிட்டது.

குளிர் உண்மையில் என் செய்கிறது?

குளிரிலும் ஈரத்திலும் மூட்டு நோகும் என்பது உலகெங்கும் வழங்கும் நம்பிக்கை. அதனை ஆராய்ந்தோர் ஒரே முடிவுக்கு வந்தாரில்லை. அமெரிக்காவில் முதியோர் மருத்துவரை நாடிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மழைநாட்களில் மூட்டுவலிக்காக வருவோர் மிகவில்லை என்று கூறிற்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் இரண்டாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளரின் வலிக் குறிப்புகளைப் பதினைந்து மாதம் திரட்டி 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, ஈரமும் காற்றும் மிகுந்து காற்றழுத்தம் தாழ்ந்த நாட்களில் வலி சற்றே கூடுதலாக இருந்தது எனக் காட்டிற்று. எனவே, வாடைக்காற்று வீசும் நாளில் கால் சிறிது கூடுதலாக நோவதாக ஒருவர் சொன்னால், அதனைப் பொய் என்று தள்ளவேண்டியதில்லை.

ஆனால் வலி கூடுவது வேறு. மூட்டுக் கெடுவது வேறு. மாற்றிப் பொருத்தப்பெற்ற மூட்டு உலோகத்தாலும் உறுதியான பிளாஸ்டிக்காலும் ஆயது. அதற்கு நரம்பில்லை, நம் ஊர்க் குளிர் அதனைப் பழுதாக்காது. நோவது அதனைச் சூழ்ந்த தசையும் தசைநாரும் ஆறிவரும் தழும்பும் ஆகும். குளிரில் அவை இறுகுகின்றன. இறுகிய காலை அசைக்க மனம் கூசுகிறது. அசையாத கால் மேலும் இறுகுகிறது. மூட்டின் உள்ளே புதிதாய் உண்டாகும் தழும்புத் திசு, அசைவு இல்லாதவிடத்து ஒட்டிக்கொண்டு மடங்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். ஆகவே மூட்டினைக் கெடுப்பது குளிரன்று. குளிருக்கு அஞ்சி அசையாதிருத்தலே ஆகும். இதனை அங்கத்தினர் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும்.

பயிற்சிக்கு உரிய வேளை

விடியற்காலையில் பயிற்சி செய்யவேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை. வெயில் எட்டிப் பார்க்கும் பத்து, பதினொரு மணியளவில் தொடங்கலாம். ஒரே தடவையில் நெடுநேரம் செய்து களைப்பதைவிட, பகலில் நாலைந்து முறை சிறிது சிறிதாகச் செய்வது நன்று. தொடங்குமுன் சூடான பானம் ஒன்று அருந்தி, உடலுக்கு ஸ்வெட்டரும் பாதங்களுக்குக் காலுறையும் அணிந்து, கணுக்காலை மேலும் கீழும் பலமுறை அசைக்கவேண்டும். இவ்வசைவு காலைச் சூடேற்றுவதோடு, கெண்டைக்கால் நரம்பில் இரத்தம் உறையாமல் காக்கவும் உதவும். அதன்பின் குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல், காலை நேராக நீட்டித் தொடையை இறுக்குதல் முதலியவற்றை மருத்துவர் காட்டியவாறு செய்யலாம். முழங்காலின் கீழே தலையணை வைத்து உறங்குதல் கூடாது. அது சுகமாய்த் தோன்றும். ஆனால் கால் முழுவதும் நீளாமற் போக அதுவே வழியாகும்.

மழை பெய்கையில் நடையை விட்டுவிடவேண்டியதில்லை. பதினைந்து அடி நீளமுள்ள கூடத்தில் இருபது தடவை போய் வந்தால் அறுநூறு அடியாகும். ஊன்றுகோலைச் சிகிச்சை பெற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். படியேறுகையில் நல்ல காலும், இறங்குகையில் சிகிச்சை பெற்ற காலும் முன்னே செல்லவேண்டும்.

ஐஸும் ஒத்தடமும்

பயிற்சிக்குப் பின் வீக்கம் தணிய ஐஸ் வைக்குமாறு மருத்துவர் கூறுகையில், குளிரில் நடுங்குபவனுக்கு மேலும் குளிரா என்று வீட்டார் மறுப்பதைக் கண்டிருக்கின்றோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஐஸ், துணியின் மேலாகப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஓரிடத்தில் மட்டும் வைக்கப்பெறுவது, வீக்கத்தைக் குறைப்பது. வாடையோ உடல் முழுவதையும் மணிக்கணக்காக இறுக்குவது. உடலைக் கம்பளியால் போர்த்திக்கொண்டே முழங்காலுக்கு ஐஸ் வைக்கலாம்.

வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் ஆகியவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அறுவைத் தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போவது இச்சிகிச்சையில் பெரிதும் காணப்படுவது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பின்னரே தெரியும். காயம் முற்றும் ஆறி மருத்துவர் இசையும் வரையில் முழங்காலின்மேல் சூட்டு ஒத்தடமோ தைலமோ வேண்டா. கட்டுத்துணி ஈரமானால் உடனே மாற்றச் செய்யவேண்டும். ஈரம் உலராத வேட்டியையும் சேலையையும் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தியே உடுத்தவேண்டும்.

கணப்புச் சட்டியின் அபாயம்

மலையூர்களில் குளிருக்குக் கரிக்கணப்பு மூட்டும் வழக்கம் உண்டு. கதவையும் சாளரத்தையும் அடைத்த அறையில் எரியும் கரி, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். உறங்குபவர் உறக்கத்திலேயே இறப்பர். வலிக்குரிய மாத்திரைகளில் சில மயக்கம் தருவன. புதிதாய்ச் சிகிச்சை பெற்றவர் விரைந்து எழுந்து வெளியேறவும் இயலாதவர். ஆகையால் அவர் படுத்திருக்கும் அறையில் கணப்புச் சட்டி ஒருபோதும் இருத்தல் ஆகாது. கம்பளி இரண்டும், கதவிடுக்கில் காற்றுத் தடுக்க ஒரு துணியும் போதும்.

வழுக்கும் தரையோ மற்றோர் அபாயம். மழைநாளில் வாயிலில் போடும் ஈரச்சாக்கு காலடியில் நழுவும். அடிதேய்ந்த ரப்பர்ச் செருப்பும் அத்தகையதே. கூடத்தில் கொடிகட்டி உலர்த்தும் துணியிலிருந்து சொட்டும் நீர் சிமெண்டுத் தரையைக் கண்ணாடி போலாக்கும். இரவில் மூடுபனியினூடே புறக்கடைக் கழிப்பறைக்குச் செல்வது யாவற்றினும் கொடிது. நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றினை அறையிலேயே வைத்துக்கொள்வது இழிவன்று. விழுந்து எலும்பு முறிவதே இழப்பு. இவற்றையெல்லாம் அறுவைக்கு ஒரு மாதம் முன்னரே செம்மை செய்துவிடவேண்டும்.

கெண்டைக்காலில் புதிதாய் வலியும் வீக்கமும் தோன்றினும், காயத்தில் நீர் கசியினும், சிவப்புப் பரவினும், காய்ச்சல் வரினும், அவை குளிரால் வந்தவை என்று பொறுத்திருத்தல் தகாது. அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். திடீரென மூச்சுத் திணறுமாயின் ஒரு நாழிகையும் தாமதியாது 108 வண்டியை அழைக்கவேண்டும். மலைச்சாலையில் மழையினூடே பயிற்சிக்காக நகருக்குச் செல்ல இயலாதோர், 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே பிசியோதெரபி உதவி கிடைக்குமா என ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

சங்கம் செய்யவேண்டுவது

இவ்வளவும் ஒருவர் தம் வீட்டில் செய்துகொள்ளக்கூடியவை. ஆயினும், ஓய்ந்திருக்க வேண்டியவரை ஓயவிடாமல் துரத்துவது வேறொன்று உண்டு. அதுவே வருமானக் கவலை. அரைகுறையாய்த் தேறிய காலோடு ஈரச்சரிவில் இறங்குவோரையும், குழித்தறிக்குள் கால் வைப்போரையும் துரத்துவது அக்கவலையே. இங்கு ஒரு தனிமனிதரால் ஆகாததைச் சங்கம் செய்ய வல்லது.

தேயிலைச் செடியை ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கொரு முறை பறித்தாகவேண்டும். பறியாமல் விட்டால் இலை முற்றும், முற்றிய இலை ஆலைக்கு வந்தால் தூளின் தரம் தாழும், விலையும் தாழும். அந்நட்டம் நோயுற்றவர்க்கு மட்டுமன்றி அனைவர்க்கும் உரியது. நீலகிரியில் 1965-இல் அமைந்த இன்ட்கோசர்வ் இணையத்தின்கீழ் 16 கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் உள்ளன. ஒவ்வோர் ஆலையின் அங்கத்தினரும் சிகிச்சையிலிருப்பவர் தோட்டத்தை முறைவைத்துப் பறித்து, அவர் பெயரிலேயே இலைக் கணக்கில் வரவு வைக்கச் செய்யலாம். நெசவாளர் சங்கத்திலும், தறியில் பாதி நின்றுபோன பாவினை மற்றொருவர் நெய்து முடித்து, கூலியை இருவர்க்கும் பிரித்து எழுத நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். மீண்டும் நெய்ய வருபவர் குழியில் இறங்கி ஏறுவது கடினம் என மருத்துவர் கருதின், தரைமேல் நிற்கும் சட்டத்தறிக்கு மாறுவதற்குச் சங்கம் வழி காணலாம்.

நோயுற்றவரைப் பார்க்கச் செல்லும் அங்கத்தினர் ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பிவிடாமல், அவரை எழுப்பிக் கூடத்தில் இருபது தடவை உடன் நடப்பாராயின் அதுவும் பேருதவியே. பாரத்தைப் பலர் தோளில் பகிர்வதே கூட்டுறவு. பனிக்காலத்தில் ஒருவர் ஆறு வாரம் அச்சமின்றி ஓய்ந்து, அவ்வோய்விலும் நாள்தோறும் காலை அசைத்து வருவாராயின், சித்திரையில் அவர் தம் கூடையோடும் நாடாவோடும் நம்மிடையே நிற்பார். அதற்கு வேண்டிய தீர்மானத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு எல்லாச் சங்கங்களையும் வேண்டுகின்றோம்.