பதினேழுக்கு மேல் வழியில்லை

கருத்தரங்கு மதியத்தோடு முடிந்தது. மறுநாள் இரவுதான் விமானம். ஸ்பெயினின் தெற்கே, கிரனாடாவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தால் போகவேண்டிய இடம் ஒன்றுதான்: ஊருக்கு மேலே குன்றில் செக்கச்செவேலென்று நிற்கும் அல்ஹம்ப்ரா. நஸ்ரித் வம்சத்து அரசர்கள் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கி, 1492இல் இழந்த அரண்மனைக் கோட்டை.

கூட்டம் நேரே சிங்க முற்றத்துக்குப் போகிறது. பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் நீரூற்று அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை, கோமாரெஸ் அரண்மனையின் சுவரடியில் பதித்திருந்த ஓட்டுச் சில்லுகள்.

மூன்று சிறகுகளை முறுக்கி விட்டது போன்ற ஒரு வடிவம். ஸ்பானியர்கள் அதைப் ‘பஹாரித்தா’ என்கிறார்கள். காகிதத்தில் மடிக்கும் சின்னப் பறவைக்கு அங்கே அதுதான் பெயர். இதை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு சமபக்க முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அதற்கு ஒரு புறம் பிறை போல ஒரு துண்டை வெட்டி எடுங்கள்; அதே துண்டை மறுபுறம் வெளிப்பக்கமாக ஒட்டுங்கள். மூன்று பக்கங்களுக்கும் ஒரே திசையில் செய்தால் பறவை வந்துவிடும். எடுத்ததும் சேர்த்ததும் ஒன்றே என்பதால் பரப்பு மாறவில்லை. ஒரு பறவையின் குழிவு அடுத்த பறவையின் புடைப்பைக் கச்சிதமாக வாங்கிக்கொள்கிறது. முக்கோணம் இடைவெளியில்லாமல் நிரப்பிய சுவரைப் பறவையும் நிரப்புகிறது.

இவற்றில் எதுவும் தீட்டிய ஓவியம் அல்ல. மெருகு பூசிச் சுட்ட ஓட்டை நிறம் நிறமாகக் கையால் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, கறுப்புக்கு மாங்கனீசு, வெள்ளைக்கு ஈயத்தோடு வெள்ளீயம்.

ஒரு வடிவத்தை இரண்டு திசைகளில் முடிவில்லாமல் திருப்பித் திருப்பி அடுக்க எத்தனை முறைகள் உண்டு? எண்ணற்றவை என்றுதான் யாருக்கும் தோன்றும். நகர்த்தலாம், சுழற்றலாம், கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டலாம், புரட்டியபடியே நகர்த்தலாம். இந்த நான்கும் தம்முள் சேரும் விதங்கள் மொத்தம் 17 மட்டுமே. ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் இதை 1891இல் நிறுவினார். சில்லுகளை வரையலாம், மாற்றலாம், பூவாக்கலாம், மீனாக்கலாம். அடுக்கும் ஒழுங்கு அந்தப் பதினேழில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

காரணத்தின் ஒரு நுனியை மட்டும் இங்கே தொடலாம். ஒழுங்கான ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. ஒரு புள்ளியில் மூன்றை வைத்தால் 324. மீதி 36 பாகைக்கு வெறும் சந்து. மீண்டும் மீண்டும் வரும் எந்த அடுக்கிலும் அரைச்சுற்று, மூன்றில், நான்கில், ஆறில் ஒரு சுற்று ஆகியவையே பொருந்தும். ஐந்துக்கு இடமில்லை, எட்டுக்கும் இல்லை. அல்ஹம்ப்ராவில் எங்கும் எட்டு முனை நட்சத்திரம் மின்னுகிறதே என்று கேட்கலாம். எட்டாக இருப்பது அந்த ஒற்றை நட்சத்திரம். சுவர் முழுவதையும் சேர்த்துச் சுழற்றினால் கால் சுற்றுக்குத்தான் அது தன்மேல் தானே பொருந்தும்.

பதினேழும் இங்கே உண்டா என்பதில் கணித அறிஞர்களிடையே நெடுநாள் வாதம். நிறத்தைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பதில்தான் பெரும் சிக்கல். நம் பறவையையே பாருங்கள். ஆறு சிறகு நுனிகள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. நிறத்தை மறந்தால் ஆறில் ஒரு சுற்றுக்கே பொருந்திவிடும். வெள்ளையும் நிறமும் மாறி மாறி வருவதைக் கவனித்தால் அந்தச் சுழற்சி வெள்ளைமேல் நிறத்தைக் கொண்டுபோய் வைக்கும். மூன்றில் ஒரு சுற்று வேண்டும். ஒரே சுவர், இரண்டு விடை. என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட இந்த வாதத்துக்கு இடம் கொடுத்த கைகள்தான் பெரிது. நிரூபணம் பிறக்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சூத்திரம் ஏதுமின்றி அவை அந்த எல்லைக்குள் அத்தனை தூரம் நடந்திருக்கின்றன.

டச்சு ஓவியர் எஷர் 1922இல் இங்கே வந்தார்; 1936இல் மனைவியோடு மீண்டும் வந்து நாள்கணக்கில் உட்கார்ந்து சில்லுகளைப் பிரதி எடுத்தார். பின்பு நிலவியல் பேராசிரியரான அவருடைய அண்ணன் ஒரு படிகவியல் இதழைக் காட்ட, அதில் கணித அறிஞர் போல்யா 1924இல் வரைந்திருந்த 17 படங்களைக் கண்டார். சுவருக்கும் உப்புக்கல்லுக்கும் ஒரே இலக்கணம் என்பதால்தான் ஓவியரின் விடை அந்த இதழில் கிடைத்தது. படிகத்தில் அணுக்கள் அடுக்காக அமைவதும் இப்படித்தான். 1982இல் விஞ்ஞானி டேன் ஷெக்ட்மன் ஓர் உலோகக் கலவையில், இந்த இலக்கணத்தில் இடமே இல்லாத பத்துமடங்குச் சமச்சீரைக் கண்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். அணுக்கள் அங்கே ஒழுங்காக இருந்தன, ஆனால் திரும்பத் திரும்ப வரவில்லை. 2011இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் போனால், நஸ்ரித் அரண்மனைகளுக்கான சீட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும், தவறவிடாதீர்கள். உள்ளே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சில்லில் கண்ணை வைத்து, அது அதே நிறத்தில், அதே சாய்வில் அடுத்து எங்கே வருகிறது என்று தேடுங்கள். கையால் மட்டும் தொடவேண்டாம்.