வாய்க்கால் வழி வந்த அரசு: உருத்திரபுரம், அன்றும் இன்றும்

கிளிநொச்சி நகருக்கு வடமேற்கே உள்ள உருத்திரபுரத்தில் ஒருவரின் வீட்டை விசாரித்தால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் வழி சொல்வார்கள். இரணைமடுக் குளத்து நீரைப் பிரித்தனுப்ப நீர்ப்பாசனப் பொறியியலாளர் வரைபடத்தில் இட்ட எண் காலப்போக்கில் மனிதரின் முகவரியாகிவிட்டது. நவீன அரசு ஓர் ஊரின் வாழ்வுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைக் காண இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை.

அரசைப் பற்றிச் சமூகவியலில் மிகவும் எடுத்தாளப்படும் வரையறை மக்ஸ் வேபருடையது. 1919 ஜனவரியில் மியூனிக் நகரில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையில், குறித்த ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையைத் தனக்கு மட்டும் உரியதென்று கோரி அதில் வெற்றி காண்பதே அரசு என்றார். அவர் காட்டிய அரசின் கையில் ஆயுதம் இருக்கிறது. உருத்திரபுரத்துக்கு அரசு அந்தக் கோலத்தில் வரவில்லை. முதலில் தண்ணீராக வந்தது, பிறகு காணிப் பத்திரமாக வந்தது. துவக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையைப் புரிந்துகொள்ள மைக்கேல் மான் துணை செய்கிறார். சமூக பலத்துக்குக் கருத்து, பொருளாதாரம், படை, அரசியல் என நான்கு ஊற்றுகள் உண்டென்று நான்கு தொகுதிகள் எழுதியவர் அவர். 1984 இல் வெளிவந்த கட்டுரையில் அரச பலத்தையும் இரண்டாகப் பிரித்தார். மக்களைக் கேளாமல் முடிவெடுக்கும் பலம் ஒன்று. எடுத்த முடிவைக் கடைசி வீடு வரை கொண்டுபோய்ச் செயலாக்கும் பலம் மற்றது. பழைய மன்னன் எவனுடைய தலையையும் வாங்கக் கட்டளையிடலாம். ஆனால் தன் நாட்டில் எத்தனை வீடுகள், எவர் எவ்வளவு விதைத்தார் என்பது அவனுக்குத் தெரியாது. இன்றைய அரசுக்குத் தெரியும். இந்த இரண்டாவது பலம் இருவழிப் பாதை என்றும் மான் சொன்னார். அரசு ஊருக்குள் வரும் வழியாலேயே ஊரும் அரசுக்குள் போகலாம். உருத்திரபுரத்தின் அன்றையும் இன்றையும் அருகருகே வைத்து நான் தேடுவது, அந்தத் திரும்பும் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையே.

நீர்

கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியின் பழைய ஊர்கள் சிறு குளங்களை ஒட்டி இருந்தவை. குளக்கட்டுக்கு மண் போடுவதும் வாய்க்கால் துப்புரவாக்குவதும் ஊரவர் வேலை. பெரும் நீர்ப்பாசனமே ஆசியாவின் கொடுங்கோல் அரசுகளைப் பெற்றெடுத்தது என்று காள் விட்ஃபோகல் 1957 இல் வாதிட்டபோது, எட்மண்ட் லீச் 1959 இல் இலங்கையைக் கொண்டே அதை மறுத்தார். உலர் வலயத்து ஊர்க் குளங்களைக் காத்து வந்தவர்கள் ஊராரே, தலைநகரத்து அதிகாரிகள் அல்லர் என்பது அவர் வாதம்.

இரணைமடு அந்த வகைக் குளமல்ல. பிரித்தானியர் ஆட்சியில் 1902 இல் தொடங்கிய வேலை கனகராயன் ஆற்றை மறித்து முடிய ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் ஆயின. 1930 களில், யாழ்ப்பாணத்தின் குடிநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க, அந்த நீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. உருத்திரபுரமும் அந்தக் குடியேற்றங்களில் ஒன்று. காடு வெட்டி, மலேரியாவோடு மல்லுக்கட்டி வயல் கண்ட முதல் தலைமுறைக்குத் துரிசு திறக்கும் நாள்தான் அரசின் முகம். தண்ணீர் வந்தால் அரசு இருக்கிறது, வராவிட்டால் இல்லை.

இன்று குளத்தின் கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. போர் முடிந்தபின் குளக்கட்டு உயர்த்தப்பட்டு, திருத்திய குளம் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் பெரிய மாற்றமாக எனக்குத் தெரிவது கட்டின் உயரமல்ல. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் எழுந்து நின்று பேசுகிறார் என்பதே. 1946 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்ட அந்தக் கூட்டத்தில் அரசாங்க அதிபரும் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக இருப்பார்கள். முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், கட்டாக்காலி மாடுகளை என்ன செய்வது என்றெல்லாம் வாதாடி முடிவெடுப்பார்கள். அங்கே எடுத்த முடிவு சட்டப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

இந்த அமைப்பின் பலம் ஒரு முறை நன்றாகவே வெளிப்பட்டது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கே போதாத நீரை எப்படிப் பிரிப்பது என்று கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் உண்மையானது. பல ஆண்டுகள் இழுபட்ட பிறகு கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திட்டம் திரும்பியது. தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வங்கியும் அமைச்சும் வகுத்த திட்டத்தை வரம்பில் நிற்பவர்களால் மாற்ற முடிந்தது. மான் சொன்ன இருவழிப் பாதையில் ஊர் அரசை நோக்கி நடந்த நாள் அது.

காணி

குடியேறியவர் கையில் கிடைத்தது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். நிலம் அரசுடையது, உழைப்பு குடியானவருடையது. துண்டாடக் கூடாது, நினைத்தபடி விற்கக் கூடாது, பயிர் செய்யாமல் விடக் கூடாது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகனுக்கும், இளையவனுக்கு முன் மூத்தவனுக்கும் போகும். குடும்பத்துக்குள் யார் பெரியவர் என்பதையும் அந்தச் சட்டமே சொல்லிக் கொடுத்தது.

தமிழருக்கு எதிரான 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் கிளிநொச்சிக்கு வந்தவர்கள் கதை இன்னும் கடினமானது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தின் வயல்களில் கூலிக்கு இறங்கினார்கள். உறுதியான காணி பலருக்குக் கிடைக்கவில்லை. ஒரே வாய்க்கால் நீரில் நின்றவர்களை ஒரு தாள் இரண்டு வகையாகப் பிரித்து வைத்தது.

இன்று? மூத்த ஆணுக்கு முன்னுரிமை தந்த விதி 2022 இல்தான் திருத்தப்பட்டது. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இவ்வளவு பேர் வாழும் வன்னிக்கு அது மிகத் தாமதமாக வந்த நீதி. இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தம் ஏட்டில் எழுதிய மாகாணக் காணி அதிகாரம் நடைமுறைக்கு முழுமையாக வரவில்லை. காணியில் பாதை இன்னமும் பெரும்பாலும் ஒருவழியே.

படை

வேபரின் வரையறை உருத்திரபுரத்தில் உடைந்துபோன காலம் ஒன்றுண்டு. கிளிநொச்சி 1996 இல் இராணுவத்திடமும் 1998 இல் மீண்டும் விடுதலைப் புலிகளிடமும் கைமாறியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் நகரில் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றமும் வரித்துறையும் இயங்கின. அதே நகரில் ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. துவக்கு ஒருவரிடம், கோப்பு இன்னொருவரிடம். இரண்டு அதிகாரங்களும் மக்களைக் கேட்டு நடந்தவையல்ல. ஒன்று வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு எடுத்தது. மற்றது மருந்தையும் எரிபொருளையும் தடுத்தது, பின்னர் குண்டும் எறிகணையும் வீசியது.

2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. சனங்கள் கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டு, செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டு, பிறகு வந்து தறப்பாளின் கீழ் மீண்டும் தொடங்கினார்கள். வேபர் சொன்ன தனியுரிமை இப்போது அரசிடம் முழுமையாக இருக்கிறது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றும், இந்த மாவட்டத்தில் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் கூடப் பாதுகாப்பு அமைச்சின் கீழான சிவில் பாதுகாப்புத் திணைக்களமே சம்பளம் கொடுத்தது. 2021 இல் உருத்திரபுரம் சிவன் கோயில் வளாகத்தில் அகழ்வாய்வுக்குத் தொல்லியல் திணைக்களம் முற்பட்டபோது ஊர் திரண்டு எதிர்த்தது. மண்ணை ஆண்டவர்கள் மண்ணுக்குக் கீழே கிடக்கும் வரலாற்றையும் தாங்களே எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் அதில் இருந்தது. மானின் நான்கு ஊற்றுகளில் கருத்துப் பலமும் படைப் பலமும் ஒரே திசையில் பாய்ந்தால் சனத்துக்கு நிற்க இடம் இராது. அந்த அச்சத்தை நான் நியாயமென்றே கருதுகிறேன்.

பட்டியல்

அன்று ஊரை அறிந்தவர் விதானையார். யாருக்குக் கூப்பன் அரிசி, யார் எந்தக் காணியில் என்பது அவர் மனதில் இருந்தது. 1963 இல் அவரிடத்துக்குக் கிராம சேவையாளர் வந்தார். இன்று அறிவு முழுவதும் பட்டியலில் இருக்கிறது. பசளை மானியம் ஏக்கர் கணக்கில், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு குடும்பக் கணக்கில். 2022 இல் எரிபொருள் கியூஆர் குறியீடும் வாகனக் கணக்கில் வந்தது.

இந்த நீண்ட கை முடிவெடுப்பவர் ஒருவரிடமே இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டியது. இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அந்த மே மாதம் வர்த்தமானி மூலம் தடை வந்தது, கமக்காரர் எவரையும் கேளாமல். காலபோகத்துப் பயிர் யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்றது. நவம்பரில் தடையை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. மானின் இரண்டு பலங்களும் ஒன்றுசேர்ந்தால், கொழும்பில் ஒரு கையெழுத்து ஒரே போகத்துக்குள் வாய்க்காலின் கடைசி வயலைக் காயவைக்கும்.

ஆனால் யாருக்கு எத்தனை கிலோ யூரியா என்று சொல்லத் தெரிந்த அதே அரசு, போரின் முடிவில் இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் கேட்ட தாய்மார் பலர் பதிலின்றியே இறந்துபோனார்கள். இது அறியும் ஆற்றல் இல்லாத குறையென்று ஏற்க என்னால் முடியாது. பட்டியல் எழுதத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் எழுத மறுக்கிறார்கள்.

ஆகவே அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே அரசு வலுத்ததா மெலிந்ததா என்பது என் கேள்வியல்ல. அரசின் கை நீண்டிருக்கிறது. ஊரின் கை அதே அளவு நீளவில்லை. நீண்ட ஓரிடம் நீர். அங்கே சட்டம் கூட்டத்தைக் கூட்டச் சொல்கிறது, கமக்காரருக்கு அமைப்பு இருக்கிறது, எடுத்த முடிவுக்கு அதிகாரியும் கட்டுப்படுகிறார். காணிக்கும் படை வைத்திருக்கும் நிலத்துக்கும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய உண்மைக்கும் அப்படியொரு கூட்டம், அப்படியொரு கட்டுப்பாடு வேண்டும். இரணைமடுத் தண்ணீரை உட்கார்ந்து பேசிப் பங்கிடத் தெரிந்த சனத்துக்கு மற்றவற்றைப் பேசவும் தெரியும். எதிரே உட்கார வேண்டியது அரசு.